மூக்கொழுகாத ஊரிலிருந்து

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே,
ஏரிக்கரைத் தெரு,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பம்பாய் மாநகரத்தில் பிறர் பணத்தை நட்டு வளர்த்துக் கொடுக்கும் பெரும் பதவியில் வீற்றிருப்பவளும், நீ காப்பி குடித்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் பங்குச் சந்தையே காலையில் கதவைத் திறக்கிறது என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறவளும், என் அக்காள் பெற்ற செல்வமுமாகிய மருமகள் சௌபாக்கியவதி மோகனப்ரியாவுக்கு, தாய்மாமன் வரதராஜன் மனசார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை சாரதா, நாம் வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்கள், அவற்றில் மூன்று ஷிப்டுக்கும் மாறி மாறித் தூங்குகிற ஜனங்கள், ஏரி, ஏரியில் உள்ள கூழைக்கடாக்கள் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சந்தையும் ஏறுமுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறோம். சந்தை இறங்கினாலும் நீ இறங்காமல் இரு.

இந்தக் காலத்தில் கையால் எழுதுவானேன், போன் இல்லையா என்று நீ கேட்பாய். போன் இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது. நீ "ஊர்ல எல்லாம் எப்படி மாமா?" என்று கேட்ட மாத்திரத்தில் என் வாய் "பிரமாதம்" என்று சொல்லிவிடுகிறது, சொன்ன பிறகு அந்தப் பிரமாதத்துக்குக் கை, கால், கிரீடம் எல்லாம் நானே வைக்கவேண்டியிருக்கிறது. பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது, அதனால் பொய் கொஞ்சம் மட்டுப்படுகிறது. தவிர, உன் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஏரியில் ஒரு லட்சம் கூழைக்கடா என்று முதலில் எழுதியிருந்தேன். கத்தியால் தொட்டுக் காட்டினாள். அடித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ ரகுபதியின் போனுக்கு அனுப்பிய செய்தியை அவன் நம் வீட்டு வாசலில் நின்று ஊருக்கே வாசித்தான். ரகுபதி யார் என்று மறந்திருந்தால் சொல்கிறேன்: நீ இங்கே வந்த அன்றைக்குக் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உனக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வழிகாட்டினானே, அவன்தான்; இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். நீ எழுதியிருந்தது இது: நம் ஊர்ப் பிள்ளைகள் இத்தனை ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்து உனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஏரியும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நீ உதவி செய்கிற இரண்டு அறக்கட்டளையும் நினைத்தது இங்கே நடந்து முடிந்துவிட்டது, ஆகவே சனிக்கிழமைதோறும் வரும் குழந்தை மருத்துவ வண்டியும் ஏரிக் காவலும் அடுத்த மாதத்திலிருந்து இன்னும் கஷ்டப்படுகிற வேறொரு மாவட்டத்துக்குப் போகும், எல்லாருக்கும் வாழ்த்துகள். வாசித்து முடித்தபோது கைதட்டலைத் தொடங்கிவைப்பதற்காக ரகுபதி முன்கூட்டியே ஒரு கையைத் தூக்கியிருந்தான். தூக்கின கை அப்படியே நின்றது.

"இன்னாண்ணா இது? பாஸ் பண்ணாக்கா ஆர்டர் பூடுமா?" என்று என்னைக் கேட்டான்.

இந்த இடத்தில் நீ எங்கள் ஊரின் மனசைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடிக்க மறந்தாலும் மறப்பார்கள், கஸ்டமர் ஆடிட்டுக்கு மறக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கஸ்டமர் வருகிறான் என்றால் இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் ஒரு வாரத்துக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது. தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள், சாமானுக்கெல்லாம் பெயர் ஒட்டுவார்கள், சொத்தைப் பீஸ் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அட்டை கட்டிக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு சொத்தை அவன் கண்ணில் பட்டால் போதும், ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். வீட்டுக்கு வீடு இந்த வேலை பார்த்தே இரண்டு தலைமுறை சோறு தின்கிறது. அப்பேர்ப்பட்ட ஊருக்கு நீ "அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் மாமா" என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

நீ அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே ரகுபதி கூட்டம் போட்டுவிட்டான். "அண்ணா, அந்தம்மா உனுக்குத்தான் மருமவ. நமக்கு கஸ்டமரு. ரெண்டு ஏரியா பாக்க வருது. ஒண்ணு லேக்கு, ஒண்ணு கொயந்தைங்க. ஒரே ஒரு ரிஜெக்சன் கண்ல பட்டாலும் வண்டிய வேற வூர் வெண்டாருக்குக் குட்துடுவாங்க. நானு எத்தினி ஆடிட்டு பாத்தவன்!" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு, நடக்கட்டும் என்றேன். அலெக்சாந்தர் படை புறப்பட்டபோதுகூட இவ்வளவு கம்பீரமாக ஓர் உத்தரவு பிறந்திருக்காது. உன் அத்தை மட்டும், "புள்ளைங்க இன்னா சீட்டு கவரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதை யாரும் தீர்மானத்தில் சேர்க்கவில்லை.

முதலில் ஏரி. கரை முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் கோடு போட்டார்கள். நிலவிலிருந்து பார்த்தால் சீனச் சுவருக்குப் பக்கத்தில் நம் கோடுதான் தெரியும். அத்தோடு விட்டார்களா, "நாரை", "கொக்கு", "நீர்க்காகம்" என்று பலகை எழுதி, அந்தந்தப் பறவை நிற்கவேண்டிய கட்டத்தில் நட்டார்கள். ஏரிக்காவல் கோவிந்தம்மா, அதாவது கல்லெறிகிறவனையும் குப்பை கொட்டுகிறவனையும் துரத்துவதற்கு உன் புண்ணியத்தில் சம்பளம் வாங்குகிறவள், தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். "யோவ் ரகுபதி, கொக்குக்கு இன்னாத்துக்குய்யா கோடு? அது இன்னா பைக்கா, ஸ்டாண்டு போட்டு நிறுத்த?" என்றாள். "எதுக்கும் ஒரு எடம், அந்தந்த எடத்துல அது அது. அதான்க்கா சிஸ்டம்" என்றான் அவன். "அத்த கொக்காண்ட சொல்லு. என்னாண்ட சொல்லாத" என்று போய்விட்டாள்.

அதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. சுத்தம் சுத்தம் என்று கரையில் கிடந்த சுள்ளி, காய்ந்த கோரை, முள் எல்லாவற்றையும் வாரி டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அது பறவை கூடு கட்டுகிற பருவம். உனக்கு அன்றைக்குக் கூழைக்கடாக்கள் எல்லாம் கரையில் வரிசையாக, அடக்கமாக, தவம் செய்வது போல நின்றதைப் பார்த்துப் புல்லரித்தது, போட்டோவும் எடுத்தாய். அவை தவம் செய்யவில்லை பாப்பா. சுள்ளியைக் காணோமே என்று திகைத்து நின்றன. நீ புறப்பட்டுப் போனதும் ஊருக்குள் படையெடுத்து வந்து நம் வீட்டுத் துடைப்பம், கூரை, கொடிக்கம்பம், நான் உட்காரும் பிரம்பு நாற்காலி அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. உன் அத்தை இங்கே கத்தியை நீட்டுகிறாள். சரி, துடைப்பத்திலிருந்து நாலு குச்சி.

அடுத்தது குழந்தைகள். இங்கேதான் ரகுபதியின் மேதாவிலாசம் உச்சத்துக்குப் போனது. இருமுகிற பிள்ளை, இளைக்கிற பிள்ளை, சோகை என்று டாக்டர் சொன்ன பிள்ளை, சொறி வந்த பிள்ளை, மூக்கு ஒழுகுகிற பிள்ளை, எல்லாருக்கும் மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டுவது. கட்டின பிள்ளைகளைத் தாய்மாரோடு டெம்போவில் ஏற்றிச் சுங்குவார்சத்திரத்தில் என் சகலையின் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைப்பது. நீ கிளம்பின பிறகு திருப்பி அழைத்து வருவது. சும்மா உட்காரமாட்டார்களே என்று அங்கே பூரியும் கிழங்கும் ஏற்பாடு செய்ததுதான் நான் செய்த காரியம். பூரி என்ற சொல் காற்றில் பரவியது. மறுநாள் காலையில் பார்த்தால், கல்லைத் தின்று ஜீரணிக்கிற பிள்ளைகள்கூடத் தங்கள் கையில் தாங்களே சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு டெம்போவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இறக்கினால் மறுபக்கமாக ஏறுகிறார்கள். டெம்போ ஒரு வழியாகப் புறப்பட்டபோது, உனக்குக் காட்டுவதற்கென்று ஊரில் மிச்சமிருந்த திடகாத்திரமான குழந்தைகளைக் கையிலுள்ள விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

ஆகவேதான் அந்தச் சுபாஷ். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருக்குமே, சட்டைப் பித்தான் போட முடியாமல் வயிறு முந்திக்கொண்டு வருமே, அந்தப் பயல். பூரியை விட அதிகமாகத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் நின்றான். உன் முன்னால் நீலச் சட்டையில் ஒரு தடவை வந்தான், கோடு போட்ட பனியனில் ஒரு தடவை வந்தான், தலையை நடுவகிடு எடுத்து வாரிக்கொண்டு ஒரு தடவை வந்தான். நீ குனிந்து கன்னத்தைக் கிள்ளி ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்டாய். வேறு பெயர் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டோம். "ஏன் மாமா, இந்த ஊர்ல சுபாஷ்ங்கற பேர் அதிகமோ?" என்று என்னைக் கேட்டாய். "தேசபக்தி மிகுந்த ஊர்ம்மா" என்றேன். நீயும் தலையாட்டினாய். உன் வாழ்நாளில் நீ எத்தனையோ கம்பெனி முதலாளிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டு அழவைத்திருப்பாய். அன்றைக்கு நீ கேட்டது இன்னும் ஒரே ஒரு கேள்விதான். "எப்படி ஒரு குழந்தைக்குக்கூட மூக்கு ஒழுகலை?" அதற்கு ரகுபதி நெஞ்சை நிமிர்த்தி, "மேடம், அத்த போன குவார்ட்டரே ஜீரோ பண்ட்டோம்" என்றான். உலகத்தில் மனிதன் தோன்றின நாளிலிருந்து எந்த ராஜ்யத்திலும் நடக்காத காரியம் அது. எங்கள் ஊரில் ஒரு குவார்ட்டரில், அதாவது மூன்றே மாசத்தில், முடிந்துவிட்டது. வண்டி டாக்டர் ஹேமந்த் சனிக்கிழமை மட்டும் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தோம்.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். உன் செய்தியை வாசித்த அன்று எல்லாரும் கலைந்து போன பிறகு கலைமணி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நம் கடைசி ரூமில் குடியிருப்பவள், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. இடுப்பில் அவள் மகள் கவிப்பிரியா, நாலு வயசு. கவிப்பிரியாவும் நீ வந்த அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவள். ரிப்பனுக்கும் பூரிக்கும் ஆசைப்பட்டுப் போனவளில்லை.

"அண்ணாச்சி, ஏம்பிள்ளைக்குச் சீக்குன்னுதான அந்த வண்டி வருது? பிள்ளய ஒளிச்சு வச்சிட்டு வண்டிய மட்டும் காட்டுனா, வந்தவுக என்ன நெனப்பாக?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் மீசை தானாகத் தொங்கினது இதுதான் முதல் தடவை. இரண்டாவது என்கிறாள் உன் அத்தை. நான் ஏதோ சமாளிக்கலாம் என்று, "உங்க ஊர்ப் பக்கமே அந்த வண்டி போனாலும் போவும்மா" என்றேன். "நான் இங்கன இருக்கேன், வண்டி அங்க போயி யாருக்கு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செகண்டு ஷிப்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

இனி நான் எழுதுவதில் மிகை கிடையாது. உன் அத்தை கொத்தவரங்காயைத் தள்ளி வைத்துவிட்டு வரிக்கு வரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவிப்பிரியாவுக்கு இளைப்பு. கன்டெய்னர் லாரிகள் அதிகமாக ஓடிப் புழுதி கிளம்பும் நாள்களில், பேச்சுக்கு நடுவில் நின்று மூச்சை எடுத்துக்கொண்டுதான் அடுத்த வார்த்தைக்குப் போகும் அந்தக் குழந்தை. டாக்டர் ஹேமந்த்தான் பார்த்து, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்து, எப்படி உறிஞ்சுவது என்று வெறும் குப்பியை வைத்துத் தானே உறிஞ்சிக் காட்டி, வாராவாரம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு அளவைக் கூட்டிக் குறைத்து வருகிறார். இப்போது கரையில் கொஞ்சம் ஓடுகிறாள். வேறு ஆஸ்பத்திரி இல்லையா என்றால், இருக்கிறது, காஞ்சிபுரத்தில் நல்ல ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆனால் போய்க் காட்டிவிட்டு வர ஒரு பகல் ஆகும். கலைமணிக்குக் காண்ட்ராக்ட் வேலை; ஒரு நாள் நின்றால் சம்பளத்தில் கைவைப்பார்கள், அடிக்கடி நின்றால் லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். புருஷன் லாரியில் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வண்டியோ சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி இரண்டு ஷிப்டு ஆள்களும் வந்து காட்டும்படியாக நம் தெரு முனையிலேயே நிற்கிறது. அவ்வளவுதான் சமாசாரம். அது நின்றால் அவளுக்கு வேலை அல்லது வைத்தியம், இரண்டில் ஒன்று. அவளைப் போலவே அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள், பூரிக்கு வந்த போக்கிரிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு பந்தி நிறைய.

நாங்கள் செய்த தப்பு இன்னதென்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். கம்பெனிக்காரன் குறையைப் பார்த்தால் ஆர்டரை எடுத்துக்கொண்டு போவான். நீ குறையைக் காணோம் என்றுதான் எடுத்துக்கொண்டு போகிறாய். இந்த வித்தியாசம் இந்தப் பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நல்லது செய்வதற்கென்று இங்கே இதுவரைக்கும் யாரும் ஆடிட்டுக்கு வந்ததில்லை. ஆனால் உன்மேலும் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. போன பொங்கலுக்கு வந்தபோது நீயே எனக்கு உன் தொழிலை விளக்கினாய்: "ஒரு கம்பெனியோட கணக்கு ரொம்ப அழகா இருந்தா அங்கதான் மாமா நான் முதல்ல சந்தேகப்படுவேன்" என்று. பம்பாயில் அத்தனை பெரிய முதலாளிகளைச் சந்தேகப்படத் தெரிந்த உனக்குத் தாய்மாமனைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே! போகட்டும், அது ரத்த பாசம். ஆகவே மருமகளே, நீ அன்றைக்குப் பார்த்தது எதையும் நம்பாதே. வண்டியை நிறுத்தாதே. அந்த இன்னொரு மாவட்டத்துக்கும் குழந்தைகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும்; அவர்களுக்கு வேறு ஒரு வண்டிக்கு நீ வழி பண்ணுவாய், உனக்குத் தெரிந்த முதலாளிகள் எல்லாம் சும்மாதானே இருக்கிறார்கள். கோவிந்தம்மாவையும் ஏரியை விட்டு எடுத்துவிடாதே. அவள் இந்த வாரம் முழுக்க எங்கிருந்தோ சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து, மஞ்சள் கோட்டின் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கிறாள். பறவைகள் பலகையைப் படிக்காமல் அவரவர் இஷ்டத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போகின்றன.

நீ நட்டதெல்லாம் விளையட்டும். உன் மீட்டிங்குகள் சீக்கிரம் முடியட்டும். ஏற்றத்தில் தலைக்கனமும் இறக்கத்தில் தலைவலியும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, பாதாம் பாலைச் சாப்பாடு என்று கணக்கில் சேர்க்காதே. அம்மாவுக்குத் தம்பியின் நமஸ்காரத்தைச் சொல்லு. உன் அத்தை தன் பங்குக்கு, இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி நிஜம் என்று சாட்சி சொல்லச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் நலத்தையும் ஊர் நலத்தையும் ஒருசேரச் சுமக்கும் தாய்மாமன்,
வரதராஜன்

பின்குறிப்பு (திங்கட்கிழமை): கவரை ஒட்டுவதற்கு முன்னால், ஊர்ச் சமாசாரமாயிற்றே என்று நேற்று சாயங்காலம் எல்லாரையும் கூட்டி இதை வாசித்துக் காட்டினேன். கலைமணி பற்றிய இடத்தில் ஆண்பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். ரகுபதி வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்தான். "அண்ணா, இப்பத்தான் மேட்டரே புரிஞ்சிது. கஸ்டமரு ஸ்பெக்கே வேற. அந்தம்மாக்கு ரிஜெக்சன்தான் வேணும். நம்ம தப்பான பீஸக் காட்டிகினோம்" என்றான். உடனே அங்கேயே சட்டம் மாறிவிட்டது: அடுத்த தடவை நீ வரும்போது இருமுகிற பிள்ளைகள் முன் வரிசை, இருமாத பிள்ளைகள் மண்டபம். போதுமான இருமல் கைவசம் இல்லை என்று தெரிந்ததால் ஒத்திகைக்கும் ஏற்பாடாயிற்று. தலைமை தாங்கி இருமிக் காட்டச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் இருமிய இருமலில் ஏரிப் பறவைகள் அத்தனையும் எழும்பி ஒரு வட்டம் அடித்தன (இதை உன் அத்தை அடிக்கச் சொல்லவில்லை). பிள்ளைகளும் சளைக்கவில்லை, கேட்டால் உனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கவிப்பிரியாவுக்கு மட்டும் நேற்று மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. இருமலே வரவில்லை. ஊரே இருமுவதைப் பார்த்துக் கைதட்டி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ரகுபதி அவளை மேலும் கீழும் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், மண்டபத்துக்குப் போகிறவர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

ஆகையால் வருவதானால் சொல்லாமல் வா. எனக்கும் சொல்லாதே. சொன்னால் அடுத்த நிமிஷமே நான் டெம்போவுக்குச் சொல்லிவிடுவேன்.